ப்ரூன் தெருக் கஞ்சித்தொட்டி: உதவி வாங்கும் யூதக் குடும்பத்தின் மானம் எங்கே நின்றது?

கிழக்குவாசல் எழுதியது:

லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட் ரயில் நிலையத்திலிருந்து சில நிமிடங்கள் நடந்தால் ப்ரூன் தெரு வருகிறது. நான் தினமும் அலுவலகம் போகும் வழியில் அங்கே ஒரு பழைய கட்டடத்தைக் கடக்கிறேன். அதன் முகப்பில் 'யூத ஏழைகளுக்கான சூப் சமையற்கூடம்' என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்துகளில் பொறித்திருக்கிறார்கள். யூத நாட்காட்டியின் 5662 என்ற ஆண்டும் அதற்கு இணையான 1902-உம் சேர்ந்தே இருக்கின்றன. சூப் பாத்திரம் ஒன்றின் புடைப்பு உருவமும் உண்டு. ஒரு வாசலின் மேல் 'உள்ளே போகும் வழி' என்றும் மற்றொன்றின் மேல் 'வெளியே போகும் வழி' என்றும் நிரந்தரமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். நம் பேச்சில் சொன்னால் இது ஒரு கஞ்சித்தொட்டி. 1992 வரை இங்கே உணவு கொடுத்திருக்கிறார்கள். இப்போது உள்ளே அடுக்குமாடி வீடுகள்.

1900-ஐ ஒட்டி இந்தத் தெருக்களில் வாழ்ந்த ஒரு குடும்பத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பெயர் தெரிந்த எந்தக் குடும்பத்தையும் நான் சொல்லவில்லை. அன்று இங்கே பரவலாக இருந்த நிலைமைகளைச் சேர்த்துச் சொல்கிறேன். 1881-இல் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாண்டர் கொல்லப்பட்ட பிறகு மூண்ட யூத எதிர்ப்புக் கலவரங்களும், யூதர்களைக் கட்டுப்படுத்திய 1882-இன் மே சட்டங்களும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பிழைப்பின்மையும் துரத்த, கப்பலேறி வந்தவர்கள். கணவன் கோட்டுத் தைக்கும் பட்டறையில் இஸ்திரி போடுகிறான். மனைவி வீட்டிலிருந்தபடியே காஜா எடுத்துப் பட்டன் வைத்துக் கொடுக்கிறாள். நான்கைந்து பிள்ளைகளோடு ஓர் அறை, மிஞ்சினால் இரண்டு. வேலை குவியும் மாதங்களில் பொழுது விடிவதும் சாய்வதும் தெரியாது. மந்தமான மாதங்களில் வாரத்துக்கு ஒரு நாள் வேலை கிடைத்தாலே பெரிது. வாடகை மட்டும் வாரம் தவறாமல் கேட்கப்படும். முதலில் அடகுக்கடைக்குப் போவது படுக்கையும் குளிர்காலக் கோட்டும். கடைசியில், சபாத் என்னும் வாராந்தர ஓய்வுநாளுக்கு ஏற்றும் மெழுகுவர்த்தித் தண்டுகளும் போகும். அதற்குப் பிறகுதான் மூத்த பையன் கையில் ஒரு பாத்திரத்தைக் கொடுத்து இந்த வாசலுக்கு அனுப்புகிறார்கள்.

என் கேள்வி இதுதான். ஏழையின் முகம் வாடாமல் கொடுக்க வேண்டும் என்று நுணுக்கி நுணுக்கி விதி எழுதிய ஒரு மதத்தின் மக்கள், யார் உதவி வாங்க வருகிறார்கள் என்பது தெருவுக்கே தெரியும்படி ஒரு வாசலை ஏன் கட்டினார்கள்?

ஏட்டுச்சுவடி எழுதியது:

நல்ல இழை. வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், கொஞ்சம் நீளமாகவே எழுத அனுமதியுங்கள்.

முதலில் சொல்லிலிருந்து தொடங்குகிறேன். யூதர்கள் தருமத்துக்குச் சொல்லும் 'ட்ஸெடாக்கா' என்பது நீதி என்ற பொருளுடைய வேரிலிருந்து வந்த சொல். கொடுப்பவனின் இரக்கத்தைவிட ஏழைக்குச் சேர வேண்டிய பங்கு என்ற நினைப்புதான் அதில் முன்னே நிற்கிறது. எனவே அது சட்டமாகவே வளர்ந்தது. சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற யூதச் சட்டத் தொகுப்பில், இரண்டு வேளைச் சாப்பாடு கையில் இருப்பவன் அன்றாடம் உணவு வழங்கும் பொதுப் பாத்திரத்திலிருந்து வாங்கக் கூடாது என்றும், பதினான்கு வேளைக்கு இருப்பவன் வாராந்தர நிதியிலிருந்து வாங்கக் கூடாது என்றும் கணக்கு இருக்கிறது. அந்த நிதியை வசூலிக்க இருவர், பங்கிட மூவர். தனி ஒருவனின் விருப்பு வெறுப்புக்கு இடமில்லை. பாஸ்கா பண்டிகை இரவில், பொதுப் பாத்திரத்தை நம்பி வாழும் ஏழைக்கும் நான்கு கிண்ணம் திராட்சை ரசம் குறையக் கூடாது என்றும் அதே மிஷ்னா சொல்கிறது. வயிற்றுக்கு ரொட்டி போதும் என்று அது நிறுத்திக்கொள்ளவில்லை என்பதைக் கவனியுங்கள்.

மிஷ்னாவை விரித்துப் பேசும் பெருநூலான தால்மூத்தின் கெத்துபோத் பகுதியில் மார் உக்வா என்ற அறிஞரின் கதை வருகிறது. பக்கத்து வீட்டு ஏழையின் கதவுக் குழியில் அவர் தினமும் நான்கு வெள்ளிக் காசுகளைப் போட்டுவிட்டுப் போவார். யார் இப்படிச் செய்வது என்று பார்த்துவிட ஏழை ஒருநாள் காத்திருந்தான். அன்று மார் உக்வாவும் மனைவியும் சேர்ந்து வந்தார்கள்; கதவு அசைந்ததும் ஓட்டம் பிடித்து, நெருப்பை அப்போதுதான் வாரியெடுத்திருந்த ஓர் அடுப்புக்குள் புகுந்துகொண்டார்கள். அவருடைய கால் சுட்டது. 'உன் காலை என் கால்மேல் வைத்துக்கொள்' என்றாள் மனைவி. அவளுக்குச் சுடவில்லை, வீட்டில் இருந்துகொண்டு, வருகிறவர்களுக்கு உடனே உண்ணக்கூடியதைக் கொடுப்பவள் அவள் என்பதால் அவளுடைய புண்ணியம் பெரிது என்று கதை காரணமும் சொல்கிறது. வாங்குபவனுக்குக் கொடுப்பவன் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக அடுப்புக்குள் நுழையும் அளவுக்குப் போன மரபு இது. பின்னால் 12-ஆம் நூற்றாண்டில் மைமோனிடிஸ் என்ற யூதச் சட்ட அறிஞர் தருமத்தை எட்டுப் படிகளாகப் பிரித்தபோது, கடன் கொடுத்தோ, கூட்டுச் சேர்த்தோ, வேலை தேடிக் கொடுத்தோ ஒருவனைக் கையேந்தாத நிலைக்குக் கொண்டுவருவதையே உச்சப் படியில் வைத்தார்.

இப்போது லண்டனுக்கு வருவோம். 1859-இல் அங்கே யூத ஏழைகளுக்கான காப்பாளர் வாரியம் தொடங்கப்பட்டது. இங்கிலாந்தின் 1834 ஏழைகள் சட்டத்தின் கீழ் இயங்கிய அரசுக் காப்பாளர் வாரியங்களின் பெயரையே அது எடுத்துக்கொண்டது. பெயரோடு அவற்றின் பழக்கத்தையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டது என்பதுதான் சிக்கல். மனு, விசாரணை, வீட்டுக்கு வந்து பார்வை என்று எல்லாம் உண்டு. அதே வாரியம் வட்டியில்லாக் கடனும் கொடுத்தது; தையல் இயந்திரத்தை வாரத் தவணையில் கொடுத்துச் சொந்தமாக்கிக்கொள்ளவும் வழி செய்தது. மைமோனிடிஸின் உச்சப் படியும் விக்டோரியா காலத்துச் சந்தேகக் கண்ணும் ஒரே அலுவலகத்தில் ஒரே மேசையின் இரு பக்கத்தில் உட்கார்ந்திருந்தன என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கட்டடத்தின் இரண்டு வாசல்களும் அந்த மேசையிலிருந்து வந்தவைதாம்.

எதிர்க்காற்று எழுதியது:

ஏட்டுச்சுவடி ஐயா அழகாக எழுதியிருக்கிறார், ஆனால் நடந்ததைப் பூசி மெழுகுகிறார் என்று எனக்குப் படுகிறது. வந்து ஆறு மாதம் ஆகாதவர்களுக்கு உதவி கிடையாது என்பது அந்த வாரியத்தின் பொது விதி. கப்பலிலிருந்து இறங்கிய குடும்பத்துக்கு மிகக் கொடுமையான ஆறு மாதம் எது? முதல் ஆறு மாதம்தானே? வராதீர்கள், இங்கே பிழைப்பில்லை என்று கிழக்கு ஐரோப்பிய யூதப் பத்திரிகைகளில் அறிவிப்பும் கொடுத்தார்கள். இங்கிருந்த தலைமை ரபி, அதாவது தலைமை யூத மதகுரு, நேதன் அட்லர் 1888-இல் அங்குள்ள ரபிகளுக்கு இதே கருத்தில் கடிதம் எழுதினார். இங்கே நிலைக்க முடியாத பல்லாயிரம் பேரைப் பயணச்சீட்டு எடுத்துக் கொடுத்துத் திருப்பி அனுப்பியதும் இதே வாரியம்தான்.

இன்னொன்றையும் சொல்கிறேன். சைமன் கோஹன் என்ற ரொட்டிக்காரர் ஒருவர், வந்திறங்கிய ஏழைகள் தலைசாய்க்கத் தம் இடத்தைத் திறந்துவிட்டார். அதைச் சுகாதாரக் குறைவு என்று காரணம் காட்டி 1885-இல் மூட வைத்தவர்கள் சமூகத்தின் பெரிய மனிதர்கள்தாம். எதிர்ப்புக் கிளம்பிய பிறகே லெமன் தெருவில் தற்காலிகத் தங்குமிடம் முறையாக ஏற்பட்டது. அதிலும் அதிகம் போனால் பதினான்கு நாள்தான் தங்கலாம். ரொட்டிக்காரர் எந்தக் கேள்வியும் கேட்காமல் சோறு போட்டார். வாரியம் கேள்வி கேட்டுவிட்டுச் சோறு போட்டது. மார் உக்வாவின் கதையை அந்த ரொட்டிக்காரர் பக்கத்தில் வைத்துத்தான் நான் படிப்பேன்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

தகவல்களை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெரிய மனிதர்களின் அச்சத்தையும் எடைபோட வேண்டும். 1654-இல் பிரேசிலின் ரெசிஃபேயிலிருந்து தப்பி வந்த யூதர்கள் இன்றைய நியூயார்க்கான நியூ ஆம்ஸ்டர்டாமில் இறங்கியபோது, ஆளுநர் அவர்களை வெளியேற்றப் பார்த்தார். டச்சு மேற்கிந்தியக் கம்பெனி 1655-இல் தங்க அனுமதி அளித்தது. ஆனால் அவர்களுடைய ஏழைகள் கம்பெனிக்கும் ஊருக்கும் பாரமாகக் கூடாது, அவர்களின் இனத்தாரே தாங்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. யூத ஏழை ஒருவன் அரசு ஏழைகள் விடுதியின் வாசலில் நின்றால், ஊரில் உள்ள யூதர் அனைவரின் இருப்புக்கும் அது கேள்வியாகும் என்ற நினைப்பு 250 ஆண்டுகள் கழித்தும் போகவில்லை. யூத விதிப்படியான கோஷர் உணவுக்கும் சபாத் ஓய்வுக்கும் வழியில்லாத அந்த விடுதிக்குள் ஏழைகளும் போக விரும்பவில்லை என்பது வேறு. அச்சம் பொய்யுமல்ல: 1905-இல் பிரிட்டனில் வந்த அந்நியர் சட்டம், பிழைக்க வழியில்லாதவர்களைத் துறைமுகத்திலேயே திருப்பி அனுப்ப அதிகாரம் கொடுத்தது.

ஊசிமுனை எழுதியது:

எனக்கு மத நூல்கள் தெரியாது. தையல் தெரியும், நாற்பது வருடம் மிஷின் மிதித்தவன். கிழக்குவாசல் எழுதிய குடும்பத்தில் உண்மையான பிரச்சினை எங்கே இருக்கிறது என்று சொல்கிறேன்.

வாரியம் கொடுத்த தையல் மிஷினை எல்லோரும் பாராட்டுகிறார்கள். மிஷின் கையில் வந்தவுடன் அந்த ஆள் தொழிலாளி என்ற நிலையிலிருந்து பட்டறைக்காரனாகிறான். அதே அறையில் இரண்டு பேரை வைத்து வேலை வாங்கத் தொடங்குகிறான். பெரிய கடையிலிருந்து வெட்டிய துணியை எடுத்துவந்து, பக்கத்துத் தெருப் பட்டறைக்காரனைவிட ஒரு பென்னி குறைத்துப் பேசினால்தான் வேலை கிடைக்கும். அந்த ஒரு பென்னி எங்கிருந்து வரும்? இஸ்திரி போடுபவனின் கூலியிலிருந்து. இப்படித் தெருவுக்குப் பத்துப் பட்டறை முளைத்தால் விலை எந்தப் பக்கம் போகும் என்பதைத் தொழில் தெரிந்தவர்களிடம் கேட்க வேண்டியதில்லை. உழைப்பைப் பிழியும் இந்தப் பட்டறை முறையை விசாரிக்கவே பிரபுக்கள் சபை 1888-இல் ஒரு குழுவை அமைத்து இரண்டு வருடம் சாட்சி கேட்டது என்று படித்திருக்கிறேன். ஆக, ஒரு குடும்பத்தைத் தூக்கிவிட்ட மிஷின், பக்கத்துக் குடும்பத்தைச் சூப் வரிசைக்கு அனுப்பியிருக்கவும் கூடும். கொடுத்தவர்கள் மேல் நான் குறை சொல்லவில்லை. ஆனால் கோட்டுக்குக் கிடைக்கும் விலை யார் கையில் இருந்தது என்று கேட்காமல், வாசலில் எழுதியிருந்ததைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

குளிர்காலம் இன்னொரு விஷயம். சூப் கொடுப்பது குளிர்காலத்தில்தான் முக்கியமாக நடந்தது. பண்டிகைக்கு முன்னால் ஆர்டர் குவியும், பிறகு வறண்டுவிடும் என்பது எல்லா ஊர்த் தையலுக்கும் பொது. வறண்ட மாதத்தில் குளிரும் சேர்ந்தால் நிலக்கரி வாங்க வேண்டும். அடுப்புக்கு நிலக்கரியா, வயிற்றுக்கு ரொட்டியா என்றுதான் அந்த வீட்டில் கணக்குப் போட்டிருப்பார்கள்.

கிழக்குவாசல் எழுதியது:

ஊசிமுனை ஐயா சொன்னதை நான் யோசித்ததே இல்லை. அவர் சொல்லும் 'யாருக்கு என்ன விலை' என்ற கணக்கு வீட்டு விஷயத்திலும் இருந்தது. 1885-இல் ராத்ஸ்சைல்ட் பிரபு முன்னின்று தொடங்கிய நிறுவனத்தின் பெயரே 'நான்கு சதவீதத் தொழிலாளர் குடியிருப்பு நிறுவனம்' என்பதுதான். பங்கு போட்டவர்களுக்கு நான்கு சதவீதத்துக்கு மேல் லாபம் இல்லை என்பது அதன் கொள்கை. அதுவே அன்று தருமமாகக் கருதப்பட்டது. ஃபிளவர் அண்ட் டீன் தெருவில் 1887-இல் எழுந்த அதன் முதல் குடியிருப்பில் யூதத் தையல் குடும்பங்கள் நிறைந்திருந்தன. வாடகை தவறாமல் கொடுக்கக்கூடியவர்களுக்குத்தான் அங்கே இடம். நாம் பேசும் குடும்பம் மந்தமான மாதத்தில் அங்கே தாக்குப்பிடித்திருக்குமா என்பது சந்தேகமே.

பிள்ளைகள் கதை சற்று வேறு. பெல் லேனில் இருந்த யூத இலவசப் பள்ளியில் 1900 வாக்கில் சுமார் 4,000 பிள்ளைகள் படித்தார்கள். உலகிலேயே பெரிய பள்ளி என்று அதைச் சொல்வதுண்டு. ராத்ஸ்சைல்ட் குடும்பத்தின் கொடையில் பிள்ளைகளுக்கு உடையும் பூட்ஸும் கிடைத்தன. வகுப்பில் பெரும்பாலோர் காலில் அதே பூட்ஸ் இருந்தால் யார் யாரைப் பார்த்து வெட்கப்படுவது? எல்லோருக்கும் கொடுக்கும்போது மானப் பிரச்சினை பாதியாகக் குறைந்துவிடுகிறது போலும்.

குமரிமுனை எழுதியது:

இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். நான் இஸ்ரேலில் முதியோரைப் பராமரிக்கும் வேலையில் ஏழு ஆண்டுகள் இருந்தேன். அதில் நான்கு ஆண்டுகள் ப்னே ப்ராக் நகரில். ஆசாரம் மிகுந்த ஹரேதி யூதர்கள் நெருக்கியடித்து வாழும் ஊர் அது. நான் பார்த்துக்கொண்ட பாட்டியின் வீட்டுக்கு நேர்மேலே ஒரு குடும்பம் இருந்தது. எட்டுப் பிள்ளைகள், இரண்டரை அறை. தகப்பனார் கோலெல் என்னும் கல்விக்கூடத்தில் நாள் முழுவதும் தால்மூத் படிப்பவர். அதற்குச் சிறிய உதவித்தொகை உண்டு. அம்மா மழலையர் பள்ளியில் ஆசிரியை. இரண்டு வருமானமும் மாதத்தின் இருபதாம் தேதியைத் தாண்டாது.

நீங்கள் வாசலைப் பற்றிப் பேசுகிறீர்கள். அங்கே வாசல் வேறு மாதிரி. வியாழக்கிழமை இரவு பத்து மணிக்கு மேல் படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்கும். மேல்வீட்டுக் கதவருகே ஓர் அட்டைப்பெட்டியை வைத்து, மணியை அழுத்திவிட்டு, ஒரு பையன் தடதடவென்று இறங்கி ஓடுவான். அந்த அம்மா அரை நிமிடம் கழித்துத்தான் கதவைத் திறப்பார். பையன் ஓடி மறைய அவர் கொடுக்கும் அவகாசம் அது என்று எனக்குப் புரியவே ஒரு வருடம் ஆயிற்று. பெட்டியில் கோழி, உருளைக்கிழங்கு, எண்ணெய், சபாத்துக்கான சல்லா ரொட்டி.

மளிகைக்கடையிலும் நம் ஊரைப் போலவே பற்று நோட்டு உண்டு. பண்டிகைக்கு முன்னால் முகம் தெரியாத யாரோ கடைக்காரரிடம் வந்து, கடன் அதிகம் ஏறிய சில பக்கங்களை அடைத்துவிட்டுப் போவார்கள். கடைக்காரர் பெயர் சொல்ல மாட்டார். 'உங்கள் கணக்கில் ஏதோ தப்பு நடந்திருக்கிறது, பாக்கி அவ்வளவு இல்லை' என்று மேல்வீட்டம்மாவிடம் அவர் ஒருநாள் சொன்னதை நான் வரிசையில் நின்று கேட்டேன். அந்த அம்மாவும், 'அப்படியா, சரி' என்று மட்டும் சொன்னார். இரண்டு பேருக்கும் தெரியும்.

இதற்கெல்லாம் மேலே 'கெமாக்' என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. கடன் தருவது, இரவல் தருவது. பணம் வட்டியில்லாமல் கிடைக்கும். கல்யாண உடை, விசேஷத்துக்கு நாற்காலி, தொட்டில், நடுராத்திரியில் பால்பவுடர், குழந்தையின் சூப்பான் கூட ஏதாவது ஒரு வீட்டில் கெமாக்காகக் கிடைக்கும். வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பதால் யாரும் அதைத் தருமம் என்று நினைப்பதில்லை. பணக்கார வீட்டுப் பெண்ணும் அங்கேதான் உடை எடுக்கிறாள்.

எதிர்க்காற்று எழுதியது:

நேரில் பார்த்தவரோடு வாதாட முடியாது. கதவைத் திறக்கும் முன் காத்திருந்த அந்த அரை நிமிடத்தை நான் மறக்கப் போவதில்லை. இருந்தாலும் கேட்கத்தான் வேண்டும்: உடலில் வலுவுள்ள தகப்பன் வேலைக்குப் போகாமல் படித்துக்கொண்டிருக்க, குடும்பம் அட்டைப்பெட்டிக்குக் காத்திருப்பது சரியா? மைமோனிடிஸே, கல்வியைக் காரணம் காட்டித் தருமத்தில் வாழ்வதைக் கடுமையாகக் கண்டித்தவர். ப்ரூன் தெருவுக்குப் பையனை அனுப்பிய இஸ்திரிக்காரன் வேலை கிடைக்காததால் வாங்கினான். இவர் வேலை தேடாமலே வாங்குகிறார்.

குமரிமுனை எழுதியது:

இந்தக் கேள்வியை அங்குள்ளவர்களே தினமும் சண்டையாகக் கேட்டுக்கொள்கிறார்கள். 2003-இல் நெதன்யாகு நிதியமைச்சராக இருந்தபோது குழந்தைகளுக்கான அரசு உதவித்தொகையைக் கடுமையாக வெட்டினார். பெரிய குடும்பங்களுக்குத்தான் அடி பலமாக விழுந்தது. அதற்குப் பிறகு ஆண்கள் சிலர் வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். பலர் போகவில்லை, அட்டைப்பெட்டிகளின் எண்ணிக்கைதான் கூடியது என்று பாட்டி சொல்வார். பாட்டிக்கு மேல்வீட்டுக்காரர்மேல் கோபம். 'என் அப்பா தால்மூத்தும் படித்தார், செருப்பும் தைத்தார்' என்பார். ஆனால் வெள்ளிக்கிழமை காலையில் ஒரு பெரிய பாத்திரத்தில் கூகல் என்ற சபாத் பண்டத்தைச் செய்து, 'அளவு தெரியாமல் செய்துவிட்டேன், வீணாகிவிடும்' என்று என்னிடம் கொடுத்து மேலே அனுப்புவதும் அவர்தான். நான்கு வருடமும் அவருக்கு அளவு தெரியவே இல்லை.

மேல்வீட்டுக்காரர் செய்தது சரியா என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு மனமில்லை. தால்மூத் படித்தது தகப்பனார், படிக்கட்டில் உட்கார்ந்து பெட்டிக்குக் காத்திருந்தது பிள்ளைகள் என்பதை மட்டும் பார்த்தேன். ஓடும் பையனின் முகத்தைப் பார்க்காதே என்று மூத்தவள் சின்னவனின் கண்ணைப் பொத்தியதையும் பார்த்தேன்.

கிழக்குவாசல் எழுதியது:

லண்டனிலும் இதற்கு ஒரு முன்மாதிரி இருந்திருக்கிறது என்பதைச் சேர்த்துவிடுகிறேன். வாரியத்துக்கு மனுப்போடப் பிடிக்காத தொழிலாளர்கள், தாங்கள் புறப்பட்டு வந்த ஊரின் பெயரால் சிறிய சங்கங்களை வைத்துக்கொண்டார்கள். வாரம் சில பென்னி சந்தா. நோயில் விழுந்தால் படி கிடைக்கும். வீட்டில் சாவு விழுந்து, சடங்குப்படி ஏழு நாள் வேலைக்குப் போகாமல் துக்கம் காக்கும்போது, அந்த வாரக் கூலிக்கு ஈடாக ஒரு தொகை வரும். அங்கே அவர்கள் வாங்கியது தங்கள் காசையே. மந்தமான மாதத்தில் சந்தா தவறிவிட்டால் எல்லாம் போயிற்று என்பதும் உண்மை.

இன்னொன்று கேட்க வேண்டும். தருமத்தை நம்பி வாழும் ஏழையும் தருமம் செய்தே ஆக வேண்டும் என்று யூதச் சட்டம் சொல்வதாகப் படித்தேன். இது ஏட்டில் மட்டும் இருக்கிறதா, அல்லது குமரிமுனை அம்மா நேரில் பார்த்திருக்கிறாரா?

குமரிமுனை எழுதியது:

பார்த்திருக்கிறேன். மேல்வீட்டுச் சமையலறை ஜன்னலோரத்தில் தகரத்தால் ஆன ஓர் உண்டியல் இருந்தது. அதைப் புஷ்கே என்பார்கள். வெள்ளிக்கிழமை சூரியன் சாயும் முன், மெழுகுவர்த்தி ஏற்றுவதற்குச் சற்று முன்னால், அந்த அம்மா ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் பத்து அகோரா நாணயம் ஒன்றைக் கொடுத்துப் போடச் சொல்வார். கைக்குழந்தையின் விரலைப் பிடித்துத் தாமே போடுவார். ஒரு ஷேக்கலில் பத்தில் ஒரு பங்கு அது, அங்கே அதற்கு ஒன்றுமே வாங்க முடியாது. கூகல் பாத்திரத்தைத் திருப்பி வாங்கப் போகும்போதெல்லாம் நான் இதைப் பார்ப்பேன்.

உண்டியல் நிரம்பியதும் எடுத்துப் போக ஒரு தாடிக்காரர் வருவார். பாஸ்காவுக்கு ஒரு மாதம் இருக்கையில் அவர் வந்தபோது நானும் அங்கே இருந்தேன். அவர் காசை எண்ணி ரசீது எழுதிக் கொடுத்தார். அந்த அம்மா ரசீதை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, பாஸ்காப் பெட்டிக்கான மனுப் படிவம் ஒன்றை அவரிடமே கேட்டு வாங்கிக்கொண்டார்.